ஓல்ட் கிரீமரிக்கு அப்பால்

பஸ் கிளம்பியதும் குலசேகரனுக்கு முதலில் தோன்றியது, இந்த வண்டி இவ்வளவு சத்தமில்லாமலா ஓடும் என்பதுதான். போனில் கேட்கும்போது அது எப்போதும் இரைந்துகொண்டே இருந்தது. இதே பஸ்ஸிலிருந்து பேசும் எமல்டாவின் குரலுக்குப் பின்னால் ஓர் உறுமல், மழை நாட்களில் சக்கரங்களுக்கு அடியில் தண்ணீர் சீறுவது, யாரோ இருமுவது, கதவு திறக்கும்போது பெருமூச்சு மாதிரி ஒன்று. நாலு வருஷம் அதைக் கேட்டவன் இப்போது அதற்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தான், ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. விமானத்தில் அடைத்துக்கொண்ட இடது காது இன்னும் திறக்காததுதான் காரணமாக இருக்கும். வலது காது சரியாக இருந்தது. அதுதான் போன் காது. பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தான். கண்ணாடி ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஏறியதிலிருந்து தூக்கம் என்று ஒன்று இல்லை. தோஹாவில் ஒரு நாற்காலியில் கண் மூடியபோது கூடப் பாஸ்போர்ட் வைத்திருந்த பையின் மேல்தான் கை இருந்தது. டப்ளினில் இறங்கி, ராத்திரி பஸ்ஸில் இந்த ஊருக்கு வந்து, விடிந்ததும் இந்த டவுன் பஸ்ஸில் ஏறியாயிற்று. இனி வேறு பஸ் இல்லை, இதுதான் கடைசி, இதில் உட்கார்ந்தால் அவள் வீடு. நினைத்துப் பார்த்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும். காலில் ஷூ இறுக்கியது. அக்காள் மகனுடைய ஷூ, குளிருக்கு ஆகும் என்று செண்பகவல்லி அக்கா பிடிவாதமாகக் கொடுத்தது. கொடுக்கும்போது சொல்லாமலா இருந்தாள். நாலு வருசமா போன்லயே குடும்பம் நடத்துத, அங்க போயி ஆள நேர்ல பாத்தா உனக்குப் பேச்சு வருமால? அத்தான் சிரித்தார். பேச்சு வரலன்னா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு போன் போடுவான், விடு. அவனும் சிரித்தான். காரில் ஏறிய பிறகு அது சிரிப்பாக இல்லை.

டூட்டி மாத்த ஆளு கிடைக்கல சார், என்று எமல்டா சொல்லியிருந்தாள். இன்னும் சார்தான். அவன் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கின் மொழிக்கூடத்தை மாலை நேரத்தில் வாடகைக்கு எடுத்து, வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஹெட்போன்களைத் துடைத்து வைப்பது, ஒலிப்பதிவை ஓடவிடுவது, முடிந்ததும் பூட்டுவது அவன் வேலை. அவள் பின்வரிசை. குளச்சல் பக்கத்துக்காரி, பகல் டூட்டி முடித்து நேராக வந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டே எழுதுவாள். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு வந்து, சார், அந்த ரெண்டாவது ஆளு பேசினது விளங்கல, இன்னொரு தடவ போடுவியளா என்றாள். பரீட்சையில ஒரு தடவதான் ஓடும் என்றான். பரீட்சையில தான சார், இங்க நீங்கதான இருக்கிய என்றாள். போட்டான். அதற்குப் பிறகு தினமும் போட்டான். அவ்வளவுதான் அவர்கள் ஒரே அறையில் இருந்த காலம். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் முதுகுவலியைப் பற்றி டாக்டரிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். அவள் அயர்லாந்துக்குப் போன பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். டூட்டி மாத்த ஆளு கிடைக்கல. ஆள் கிடைக்கவில்லை என்றால் கேட்டுப் பார்த்தாள் என்று அர்த்தம். எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்? கேட்காமலும் சொல்லலாம். நாலு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் வருகிறான், ஒரு ராத்திரிக்கு ஆள் கிடைக்காதா? கிடைக்காமலும் போகலாம், முதியோர் இல்லம், அங்கே ராத்திரியில்தான் எல்லோரும் விழுவார்கள், சாவார்கள், அவளே சொல்லியிருக்கிறாள். நான் டூட்டி முடிச்சு அடுத்த பஸ்ல வந்துருதேன், நீங்க நேரா வீட்டுக்குப் போங்க, கீழ் வீட்டு டெக்லான்கிட்ட சாவி இருக்கு, போயி குளிச்சிட்டுப் படுங்க. படுங்க என்று சொன்னதில் ஒரு அக்கறை இருந்தது. ஒரு நர்ஸின் அக்கறை.

வெளியே வீடுகள் ஒட்டி ஒட்டிப் போயின. சாம்பல் சுவர், சிவப்புக் கதவு, சாம்பல் சுவர், நீலக் கதவு. ஒலிபெருக்கி ஏதோ ஒரு பேரைச் சொன்னது, முதலில் இந்த நாட்டு மொழியில், பிறகு ஆங்கிலத்தில். தெரியாத பேர். விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவன் கேட்டான், அந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு? அவன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உறவுக்கு ஒரு சொல் கேட்டான், அவ்வளவுதான். நண்பர் என்றான் குலசேகரன். சொன்னதும் பொய் சொன்ன மாதிரியும், இன்னொன்றைச் சொல்லியிருந்தால் அது இதைவிடப் பெரிய பொய்யாக இருந்திருக்கும் என்றும் பட்டது. அவன் தாலி கட்டியவள் ஒருத்தி இருந்தாள், ஒரு வருஷம் கூட முழுதாக இல்லை, அவளை மனைவி என்று கூசாமல் சொல்லியிருக்கிறான், அவள் காலையில் எந்த ஜன்னல் பக்கம் உட்காருவாள் என்று கூட அவனுக்குத் தெரியாது. எமல்டா இடது பக்கம்தான் உட்காருவாள், வலது பக்கம் வெயில் அடிக்கும் என்று ஒரு முறை சொன்னாள். இங்கே வெயிலா என்று கேட்டான். என்னைக்காவது அடிக்கும் சார், அன்னைக்கு மாறி உட்கார முடியாதுல்லா. அவன் இப்போது இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். வந்து பாருங்க சார், என்று போன மாதம் சொன்னாள். பாத்துட்டு முடிவு பண்ணலாம். எனக்கும் பாக்கணும். அந்த 'எனக்கும்' அவனுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது, மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். அவளுக்கு என்ன பார்க்க வேண்டும்? தம்பியைப் படிக்க வைத்து, தங்கையைக் கட்டிக் கொடுத்து, நாற்பதைத் தாண்டி, கடல் தாண்டி வந்து தனியாக ஒரு வீடு பிடித்திருக்கிறவள். அந்த வீட்டுக்குள் இந்த மனிதன் எந்த மூலையில் உட்காருவான், எவ்வளவு இடத்தை அடைப்பான் என்று பார்க்க வேண்டும். நியாயம்தான். ஒத்துவந்தால் கல்யாணம், அவன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட வேண்டியது. வராவிட்டால் இந்த லீவு முடிந்ததும் திரும்பிப் போய் மொழிக்கூடத்தைத் திறந்து ஹெட்போன்களைத் துடைக்க வேண்டியது. அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் போன் வராது. அதை மட்டும்தான் அவனால் நினைக்க முடியவில்லை.

அப்போது ஒலிபெருக்கி செயின்ட் பிரிஜிட்ஸ் என்றது. அவன் நிமிர்ந்தான். தெரிந்த பேர், அவள் வேலை செய்யும் இல்லத்தின் நிறுத்தம். இங்கே அவள் ஏறுவாள், ஏறும்போது மூச்சு வாங்கும், சொல்லுங்க சார், சாப்பாடு என்ன இன்னைக்கு என்பாள். அங்கே அவனுக்கு மதிய இடைவேளை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காதில் போனோடு உட்கார்ந்திருப்பான். குலசேகரன் சார் அயர்லாந்துகூட சாப்பிட்டுட்டு இருக்காரு, தொந்தரவு பண்ணாதிங்க என்று மெக்கானிக்கல் துறைக்காரர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். நீளமான தாழ்ந்த கட்டடம், ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு. அதற்குப் பின்னால்தான் இந்நேரம் யாரையாவது திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருப்பாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது, அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பிறகு வந்த பேர்கள் எல்லாம் தெரிந்தவை. மில் ரோடு. இங்கே வரும்போது அன்றைக்கு யார் செத்துப்போனார்கள், யார் கட்டிலிலிருந்து விழுந்தார்கள் என்று சொல்லி முடித்திருப்பாள். பிஷப்ஸ் கேட். இங்கே அவன் சொல்ல ஆரம்பிப்பான், சொல்வதற்கு என்ன இருக்கிறது, மோட்டார் எரிந்துபோனது, பிரின்சிபால் மாறினார். காசில் வியூ. இந்தப் பேர் வரும்போது சில நாள் இரண்டு பேரும் பேசாமலேயே இருப்பார்கள். பஸ் மட்டும் ஓடும். அந்த நாட்கள்தான் இருப்பதிலேயே நல்ல நாட்கள் என்று அவன் நினைத்திருந்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாளா என்று கேட்டதில்லை. கண் இழுத்தது. பேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தாலாட்டின. தூங்கிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, அவள் குரல் எந்த இடத்தில் எப்படி இறங்கும், எந்த இடத்தில் கொட்டாவி வரும் என்று கூடவே போய்க்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி ஓல்ட் கிரீமரி என்றது. சரி சார், எறங்கணும், வைக்கட்டா. கை எழுந்து மணியை அமுக்கியது. எழுந்தான், பெட்டியை இழுத்தான், டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்வார்கள், அதுவும் போனில் கேட்டதுதான், சொன்னான், இறங்கினான். கதவு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

பஸ் போன பிறகு அங்கே சத்தம் என்று எதுவும் இல்லை. கூரை போன ஒரு கட்டடம், வாசலுக்குத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள், பழைய பால் பண்ணையாக இருக்கும். எதிரே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள் நனைந்துகொண்டு நின்றன. வீடு என்று ஒன்று கண்ணுக்கு எட்டிய வரை இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று பெட்டியை உருட்டிக்கொண்டு போனான். வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வயல். திரும்பி வந்தான். போனை எடுத்து அவள் அனுப்பியதைப் பார்த்தான். ஹோலிவெல் ஸ்டாப்ல எறங்குங்க, எறங்கின உடனே பச்சைக் கதவு. தோஹாவில் உட்கார்ந்து எத்தனை தடவை படித்திருக்கிறான், மனப்பாடமாகவே தெரியும். நிழற்குடையில் ஒட்டியிருந்த அட்டையில் நிறுத்தங்களின் பேர்கள் வரிசையாக இருந்தன. ஓல்ட் கிரீமரிக்குக் கீழே இன்னும் பல பேர்கள், அவன் ஒரு நாளும் கேட்டிராத பேர்கள், கடைசிக்குப் பக்கத்தில் ஹோலிவெல். விரலை வைத்துப் பார்த்தான். அப்படியானால் அவள் இங்கே இறங்குவதில்லை. இங்கே யாரும் இறங்க முடியாது. இங்கே அவள் போனை வைக்கிறாள், வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டே போகிறாள். பெஞ்சில் உட்கார்ந்தான், பெஞ்ச் ஈரம். சிக்னல் போய்விடுமோ என்று போனைப் பார்த்தான், முழுசாக இருந்தது. இந்த இடத்தில் யாராவது ஏறுவார்களோ. ஒருவன் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு அந்த மிச்ச தூரம் போகிறானோ. அந்த நினைப்பு வந்ததும் உடம்பு சூடேறியது, பிறகு மாடுகளைப் பார்த்ததும் ஆறியது, யார் இங்கே வந்து ஏறப்போகிறான். அப்படி ஒருவன் இல்லை என்று ஆனதும் இன்னும் மோசமாக இருந்தது. அக்காளுக்கு மார்பில் கட்டி என்று சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பிய ரிசல்ட் வந்த அன்று, அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் இல்லையாம் என்கிற வார்த்தை வாயிலிருந்து வருவதற்கு முன்னால், இந்தப் பேர் வந்தது. சார், எறங்கணும், நாளைக்குச் சொல்லுங்க. பஸ் நிற்காதே, அவள் என்ன செய்வாள் என்று அப்போது அவனே அவளுக்காக வாதாடிக்கொண்டான். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஒன்றும் இல்லையாம் என்று மூடியிடம் சொன்னான். அன்றைக்கு அவள் இங்கிருந்து வீடு வரை என்ன செய்துகொண்டு போனாள்? நாலு வருஷம், ஒரு நாள் தவறாமல், போதும் என்று நினைத்திருக்கிறாள். இந்தச் சுவர் தெரிந்ததும் போதும். அப்படி நினைக்கிறவளிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் தங்க வந்தாயிற்று. மழை பெய்யவும் இல்லை, நிற்கவும் இல்லை, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் காலை அமுக்கிவிட்டுக்கொண்டான். திரும்பிப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் வரும். அதில் ஏறினால் ஊர், ஊரிலிருந்து டப்ளின். அக்காளிடம் என்ன சொல்வது? பேச்சு வரவில்லை என்று சொல்லிவிடலாம். அவ்வளவு தூரம் திரும்பவும் உட்கார்ந்து போக வேண்டுமே என்று நினைத்தபோது, துக்கத்தைவிட அந்த அலுப்புதான் பெரிதாக இருந்தது. எழுந்து எதிர்ப்பக்கம் போகவில்லை. போன் அடித்தது.

"வீட்டுக்குப் போயாச்சா சார்? டெக்லான் சாவி தந்தானா?" பின்னால் அதே உறுமல். பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"இல்ல. இன்னும் போகல."

"பின்ன எங்க நிக்கிய?"

"ஓல்ட் கிரீமரில."

போனுக்குள் கதவு ஒன்று திறந்து மூடியது. யாரோ ஏறினார்கள்.

"அங்க எதுக்கு எறங்குனிய? ஹோலிவெல்னு எழுதி அனுப்புனேன்லா."

"படிச்சேன். பேரச் சொன்ன உடனே கை தன்னால மணிய அமுக்கிட்டு. நீங்க தினமும் இங்கதான எறங்குவிய."

"நான் அங்க எறங்க மாட்டேன் சார்."

"தெரியுது. இங்க மாடுதான் நிக்கி." கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். "இங்க யாரும் ஏறுவாவளா?"

"மாடு நிக்கின்னு சொன்னியல்லா. அதுக்கு டிக்கெட் குடுக்க மாட்டான்." சிரிக்க முயன்றாள், அது கொட்டாவியாக முடிந்தது. பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். "ராத்திரி முழுக்க எமல்டா எமல்டான்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாவ சார். வீட்டுக்குள்ள போனா துணி கெடக்கும், பாத்திரம் கெடக்கும், தம்பி போன் வரும். அந்தக் கொஞ்ச தூரம்தான். அதுல யாரும் என்னைக் கூப்பிட மாட்டாவ."

"நானும்."

"நீங்களும்தான்."

அவள் ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அங்கே சிக்னல் போய்விடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான், சந்தோஷமாக நம்பியிருப்பான்.

"சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

"என்னன்னு சொல்லுதது? உங்ககூட பேசினது போதும்னா? ராத்திரி சாப்பிடாம கெடப்பிய." அவள் குரல் தணிந்தது. "அக்காவுக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கு மட்டும் திரும்பப் போன் போடணும்னு இருந்துது. கையில எடுத்துக்கிட்டே இருந்தேன். போடல. வீடு வந்துட்டு." பின்னால் ஒலிபெருக்கி ஓல்ட் கிரீமரி என்றது. "காசில் வியூ தாண்டியாச்சு. எந்திரிச்சு நின்னு கையக் காட்டுங்க சார், இல்லன்னா நிக்க மாட்டான்."

ஷூவை மாட்ட நேரமில்லாமல் குதிகாலை மிதித்துக்கொண்டு நின்று கையைக் காட்டினான். பஸ் நின்றது. டிரைவரிடம் பழைய டிக்கெட்டை நீட்டினான், அவர் பார்க்காமலே தலையாட்டி உள்ளே போகச் சொன்னார். இடது பக்கம், நடுவில், எமல்டா உட்கார்ந்திருந்தாள், போன் இன்னும் காதில். யூனிபாரத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு. மொழிக்கூடத்தில் பார்த்த முகம்தான், ஆனால் யாரோ அதைக் கையில் வைத்து நிறைய நாள் உபயோகித்த மாதிரி இருந்தது. தன்னுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் பார்வையிலிருந்து தெரிந்துகொண்டான். அவள் சிரித்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த கைப்பையை எடுக்கக் குனிந்தாள். இருக்கட்டும் என்றான். அவளுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தான். அது அவளுக்கு அந்தத் தூரத்தை விட்டுக்கொடுத்ததா, இல்லை ஒரு வகையான கோபமா என்று உட்கார்ந்த பிறகு யோசித்தான், இரண்டும் கலந்துதான் இருந்தது. அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள். அவள் பின்கழுத்தில் அடையாள அட்டையின் கயிறு அழுத்திய கோடு சிவப்பாக இருந்தது. இந்தக் கழுத்தை அவன் பார்த்ததே இல்லை, பின்வரிசையில் உட்கார்ந்தவளின் கழுத்தை எப்படிப் பார்த்திருக்க முடியும். ஒலிபெருக்கி ஒரு பேரைச் சொன்னது, பிறகு இன்னொன்று. இவை அவனுக்குச் சொல்லப்படாத பேர்கள், கேட்டும் கேட்காத மாதிரி இருக்க வேண்டும் என்று பட்டது. இரண்டு வாரம் வீட்டுக்குள் எப்படிக் கேட்காத மாதிரி இருப்பது, பாத்திரம் கழுவுகிற சத்தம் கூட அவளைக் கூப்பிடுகிற மாதிரிதானே இருக்கும், மூச்சு விடுவதற்குக்கூட எந்த நேரம் தோது என்று பார்க்க வேண்டுமோ. பச்சைக் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலி இருக்கும், அதில் உட்கார்ந்துகொள்ளலாம், அவள் வேலைக்குப் போன பிறகு இருமிக்கொள்ளலாம். இப்படி யோசித்துக்கொண்டே போனவன், அவள் தலை ஜன்னல் பக்கம் சரிந்து கண்ணாடியில் மெல்ல முட்டுவதைப் பார்த்தான். முட்டியது, விலகியது, முட்டியது. தூங்கிவிட்டாள். தினமும் இப்படித்தான் தூங்குவாளோ, எப்படிச் சரியாக எழுந்துகொள்கிறாளோ, இல்லை இன்றைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று தூங்குகிறாளோ. அவனுக்கும் கண் எரிந்தது, ஆனால் இனி அவன் தூங்க முடியாது. ஒவ்வொரு பேராகக் கவனித்துக்கொண்டு வந்தான், பரீட்சையில் ஒரு தடவைதான் ஓடும்.

ஹோலிவெல் என்றது. மணியை யாரும் அமுக்கவில்லை. கூப்பிட வேண்டும். எமல்டா என்று கூப்பிடலாம், ஆனால் ராத்திரி முழுவதும் அவளைக் கூப்பிட்டது அந்தப் பேர்தான். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் தோளில் கையை வைத்தான். கோட்டுத் துணி சொரசொரவென்று ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு தோள், உண்மையான எடையுள்ள ஒரு தோள். அவள் கண்ணைத் திறக்காமலேயே அவன் கையைத் தன் கையால் மூடி, இரண்டு தடவை தட்டினாள். "வரேன், இதோ வந்துட்டேன், ஒண்ணும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள், நாலு வருஷத்தில் அவன் ஒரு நாளும் கேட்டிராத குரலில், பொறுமை எல்லாம் தீர்ந்து அடிவண்டலில் கொஞ்சம் மிச்சமிருக்கும் குரலில். அவன் அப்படியே நின்றான். அவள் கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், அது எந்தக் கட்டிலைச் சேர்ந்தது என்று தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"நீங்களா சார்" என்றாள்.

"நான்தான். எடம் வந்துட்டு."

வெளியே பார்த்தாள். பச்சைக் கதவு ஒன்று ஜன்னலில் மெல்ல நெருங்கி வந்தது. அவன் மணியை அமுக்க இன்னொரு கையைத் தூக்கினான்.

"விடுங்க" என்றாள் அவள். "அடுத்ததுல எறங்கி நடக்கலாம்."

கதவு கடந்து போயிற்று. அவள் திரும்பத் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள். தோளில் இருந்த அவன் கையை மூடியிருந்த தன் கையை எடுக்கவில்லை. பஸ் ஒரு வளைவில் திரும்பியது, பிடிப்பாரில்லாத அவன் பெட்டி தன்பாட்டுக்கு உருண்டு முன்னால் போய் ஓர் இருக்கையில் முட்டி நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அதை எடுக்க அவன் போகவில்லை.